தொட்டில் கொக்கியில 165 வாட் பெட்டி லைட்டு: ஜோவா பவளம் எல்லாம் மூடிக்கிச்சு, எங்க தப்பு?

திருநகர்க்காரன் | ஏப்ரல் 6, இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம்ணே. உப்புத்தண்ணி தொட்டி வச்சு ஒரு வருசமாச்சு. 24க்கு 16க்கு 18 இஞ்ச், 110 லிட்டர் பக்கம் பிடிக்கும். உள்ள ஒரு ஜோடி கோமாளி மீனு, மூணு கொத்து ஜோவா, அஞ்சாறு மஷ்ரூம், ஒரு லெதர், இந்த மூணும் மெது பவளம். இதுவரைக்கும் ரெண்டு வெள்ளை ட்யூப் லைட்டுலயே ஓட்டுனேன். எல்லாம் உசிரோடதான் இருந்துச்சு, ஆனா கலரே இல்ல. காப்பித்தூள் மாதிரி பழுப்பு.

போன வாரம் பழைய சாமான் விக்கிற ஒருத்தர்கிட்ட கருப்புப் பெட்டி லைட்டு ஒண்ணு வாங்குனேன். 55 பல்பு, 165 வாட்டுன்னு பின்னாடி போட்டுருக்கு. பாதி நீலம், மீதி வெள்ளை, நடுவுல சிவப்பும் பச்சையும் நாலஞ்சு. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ரெண்டு திருகு இருக்கு, நீலத்துக்கு ஒண்ணு, வெள்ளைக்கு ஒண்ணு. எங்க வீடு தாத்தா காலத்து வீடு. ஹால்ல தொட்டில் கொக்கி இருக்கு, அதுல இரும்புச் சங்கிலி போட்டுத் தண்ணிக்கு 7 இஞ்ச் மேல தொங்க விட்டுருக்கேன். கொக்கி தொட்டிக்கு நேரா இல்ல, ஒரு முழம் தள்ளி இருக்கு. அதனால ஒரு கயிறு கட்டி ஜன்னல் கம்பிக்கு இழுத்திருக்கேன்.

நீலம் 80, வெள்ளை 70ல வச்சு ஆறு நாள் ஆச்சு. ஜோவா ஒண்ணு கூட விரியல. மஷ்ரூம் சட்டைப் பித்தான் அளவுக்குச் சுருங்கிருச்சு. லெதர் மட்டும் கண்டுக்காம நிக்குது. சிவப்பு, பச்சை பல்பாலதான் பிரச்சினையா? அதைக் கழட்டிட்டு நீலமா மாத்தலாமா? பட்ஜெட் 1500 ரூபாய்க்குள்ள. ஃபேன் சத்தம் வேற மிக்ஸி ஓடுற மாதிரி இருக்கு.

கடல்கிறுக்கன் | ஏப்ரல் 6, இரவு 11:15

தம்பி, ஒரு பைசா செலவு பண்ணாதீங்க. எந்திரிச்சுப் போய் வெள்ளையை 5க்கு இறக்குங்க, நீலத்தை 25க்கு. இப்பவே. மிச்சத்தை நாளைக்குப் பேசலாம்.

கடல்கிறுக்கன் | ஏப்ரல் 7, காலை 6:20

நேத்து தூக்கக் கலக்கத்துல அம்புட்டுதான் எழுத முடிஞ்சது.

ஒரு வருசமா ட்யூப் லைட்டுல இருந்த ஜோவா அது. கம்மி வெளிச்சத்துல பொழைக்கணும்னு உள்ள இருக்கிற பாசியை நிறையப் பெருக்கி வச்சிருக்கும், அந்தப் பழுப்பு அதுதான். அதைக் கொண்டுபோய் 7 இஞ்ச்ல லென்ஸ் போட்ட பெட்டிக்கு அடியில வச்சா? இருட்டறையில இருந்தவனைக் கத்திரி வெயில்ல தார் ரோட்டுல செருப்பில்லாம நிறுத்துனது மாதிரி. மூடிக்கிட்டது நல்லதுக்குன்னு நினைச்சுக்கங்க. மூடாம வெளுத்திருந்தா பாசியைத் துப்பிடுச்சுன்னு அர்த்தம், அங்கேர்ந்து திரும்புறது கஷ்டம்.

நம்ம ஊர்ல பட்ஜெட் லைட்டு வாங்குற எல்லாரும் பயப்படுறது 'வெளிச்சம் பத்துமா'ன்னு. நான் பார்த்தவரைக்கும் இந்தப் பெட்டியில வெளிச்சம் பத்தாம செத்த மெது பவளம் ஒண்ணு கூட இல்ல. எரிஞ்சு செத்தது நிறைய. ஜோவா, மஷ்ரூமுக்கு 50லேர்ந்து 150 பார் (பாசி சாப்பிடக்கூடிய வெளிச்சத்தோட அளவு) இருந்தாலே தாராளம். மஷ்ரூமுக்கு அதுலயும் கீழ்ப்பாதி.

வாரத்துக்கு 5 வீதம் நீலத்தை ஏத்துங்க. எங்க நல்லா விரிஞ்சு நிக்குதோ அங்க நிறுத்துங்க. பெரும்பாலும் 40, 45க்கு மேல போகவே வேண்டியிருக்காது. வெள்ளை உங்க கண்ணுக்குத்தான். 10க்கு மேல வேணாம். பெட்டியை 12 இஞ்சுக்குத் தூக்குங்க. 90 டிகிரி லென்ஸா இருந்தா 7 இஞ்ச்ல நடுவுல மட்டும் குத்தும், ஓரம் இருட்டா இருக்கும்.

சிவப்பு, பச்சை: கடல்ல சிவப்பு வெளிச்சம் முதல் சில மீட்டர்லயே காணாமப் போயிரும், நீலம்தான் ஆழத்துக்கு எறங்கும். பவளத்துக்குள்ள இருக்கிற பாசியும் அதுக்குத் தக்கன நிறமி வச்சிருக்கு. 450 நானோமீட்டர் பக்கம்தான் அதுக்குச் சாப்பாடு. நாலு சிவப்பு பல்பு இருந்தா குடி முழுகாது. கழட்டுனா நல்லது, அவசரமில்ல.

ஒத்தக்கடை_மாப்ள | ஏப்ரல் 7, காலை 9:05

பங்காளி, பெட்டியெல்லாம் எதுக்கு? பந்தல்காரவிய்ங்க கட்டுவாய்ங்கல்ல, நீல ஃப்ளட் லைட்டு, 50 வாட்டு. டவுன்ஹால் ரோடு பக்கம் போனா முந்நூறு நானூறுக்கு அள்ளிட்டு வரலாம். ரெண்டு நீலம், ஒரு வெள்ளை. நான் எட்டு மாசமா ஓட்டுறேன். ஜோவா காடு மாதிரி வளருது. திருவிழாவுக்கு மீனாட்சி கோயில் கோபுரம் ஜொலிக்கிற மாதிரி நம்ம ஹாலும் ஜொலிக்குது.

சோல்டர்_சித்தப்பு | ஏப்ரல் 7, மதியம் 1:30

ஒத்தக்கடை, உங்க ஃப்ளட் லைட்டோட பின்மூடியைக் கழட்டிப் பாருங்க. தனியா ஒரு டிரைவர் டப்பா, அதாவது கரண்டை பல்புக்குத் தக்கன மாத்திக் குடுக்கிற டப்பா, இருந்தா சரி. இல்லாம பல்பு இருக்கிற தகட்டுலயே ரெண்டு மூணு சின்ன ஐ.சி.யும் ஒரு பிரிட்ஜும் மட்டும் இருந்தா அது டி.ஓ.பி. வகை. 230 வோல்ட் நேரா அந்தத் தகட்டுக்கே வருது. நடுவுல டிரான்ஸ்பார்மரே கிடையாது. பல்புக்கும் அலுமினியம் உடம்புக்கும் நடுவுல தாள் கனத்துக்கு ஒரு பூச்சு, அதுதான் உங்களுக்கும் கரண்டுக்கும் உள்ள தூரம். மழையில மரத்துல தொங்கவிடச் செஞ்ச சாமான், அதனால ரப்பர் வாசர் இருக்கும். ஆனா வெளிச்சம் நல்லா வரட்டும்னு நம்ம ஆளுங்க முதல் வேலையா முன்கண்ணாடியைக் கழட்டுவாங்க. நீங்க கழட்டுனீங்களா?

ஒத்தக்கடை_மாப்ள | ஏப்ரல் 7, மதியம் 1:52

கழட்டுனேன்.

சோல்டர்_சித்தப்பு | ஏப்ரல் 7, மதியம் 1:58

முதல்ல மெயினை அணைச்சுட்டு வந்து மத்ததைப் படிங்க.

கண்ணாடியைத் திருப்பி மாட்டி, ஓரத்துல சிலிக்கான் போட்டு, உடம்புக்கு எர்த் குடுத்தா ஓட்டலாம். இன்னொண்ணு, இந்த வகை டிம் ஆகாது. ஃபேன் ரெகுலேட்டர்ல போட்டுப் பார்த்தேன்னு சொல்றவங்க இருக்காங்க, சொன்ன மாசத்துலயே புது லைட்டும் வாங்கியிருப்பாங்க. கூட்டணும் குறைக்கணும்னா உயரத்தை மாத்துறது ஒண்ணுதான் வழி.

அந்தக் கருப்புப் பெட்டி இந்த விஷயத்துல மேல். தனி டிரைவர் இருக்கு, திருகு இருக்கு. ஆனா அதுவும் சும்மா இல்ல. 27, 28 பல்பு ஒரே வரிசையில கோத்திருப்பான். பல்புக்கு 3.2 வோல்ட்னா வரிசைக்கு 90 வோல்ட் நேர்மின்சாரம். ப்ளக்கைப் புடுங்குன பிறகும் கெப்பாசிட்டர்ல கொஞ்ச நேரம் நிக்கும். பத்து நிமிஷம் டீ குடிச்சுட்டு வந்து தொடுங்க.

திருநகர்க்காரன் | ஏப்ரல் 7, இரவு 9:40

நன்றிண்ணே. ரெண்டையும் குறைச்சாச்சு. இதை எழுதலாமா வேணாமான்னு இருந்தேன், சித்தப்பு பேசுனதைப் பார்த்ததும் எழுதுறேன். ரெண்டு நாள் முன்னாடி ஒரு கை தண்ணிக்குள்ள, கல்லை நகத்திக்கிட்டு இருந்தேன். இன்னொரு கை பெட்டியில பட்டுச்சு. சுருக்குன்னு எறும்பு கடிச்ச மாதிரி. முழங்கை வரைக்கும். அப்புறம் டெஸ்டர் வச்சுப் பார்த்தா பெட்டி உடம்புல மினுக்குது. வித்தவர்கிட்ட போன்ல கேட்டா, 'அப்படித்தாம்ப்பா இருக்கும், எல்லாத்துலயும் இருக்கும்'ங்கிறார். ரெண்டு முள்ளு ப்ளக்குதான் வந்துச்சு.

சோல்டர்_சித்தப்பு | ஏப்ரல் 7, இரவு 10:25

எறும்பு கடிச்சதோட விட்டுச்சே. எங்க குலசாமியை உங்களுக்கும் சேத்துக் கும்பிட்டுக்கிறேன்.

வித்தவர் சொன்னதுல பாதி உண்மை. டிரைவருக்குள்ள இரைச்சலை அடக்குறதுக்கு லைனுக்கும் உடம்புக்கும், நியூட்ரலுக்கும் உடம்புக்கும் சின்னக் கெப்பாசிட்டர் போடுவாங்க. உடம்பு எர்த்துல இருந்தா அந்தத் துளிக் கசிவு அதுல போயிரும். எர்த் இல்லேன்னா உடம்பு 115 வோல்ட் பக்கம் அந்தரத்துல நிக்கும். தொட்டா சுருக்கும். மில்லி ஆம்பியர்ல கூடக் கொஞ்சம்தான், ஆளைக் கொல்லாது. அவர் சொல்லாத பாதி இது: நாளைக்கே உப்பு ஆவி உள்ள போய் லைன் ஒயர் உடம்புல ஒட்டுச்சுன்னா, அப்பவும் அதே உடம்புதான், அதே கைதான், அதே உப்புத்தண்ணிதான். எது துளிக் கசிவு, எது முழுக் கரண்டுன்னு டெஸ்டர் சொல்லாது.

செய்ய வேண்டியது: மூணு கோர் ஒயர், மூணு முள்ளு ப்ளக். பச்சை ஒயருக்கு வளையம் போட்டுப் பெட்டி உடம்புல திருகணும். திருகுற எடத்துல கருப்புப் பெயிண்டை உப்புத்தாள் வச்சு வெள்ளி தெரியிற அளவுக்குச் சுரண்டணும். பெயிண்ட் மேல திருகுனா எர்த் ஆகாது, அழகுக்கு ஒரு ஒயர், அம்புட்டுதான்.

அடுத்தது வீட்டு எர்த். தாத்தா காலத்து வீடுன்னீங்க. சுவத்துல மூணு ஓட்டை இருக்கும், மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி ஒயரே இருக்காது. நான் பார்த்த பழைய வீடுகள்ல பாதி அப்படித்தான். ஒரு எலக்ட்ரீசியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. எர்த் குழி இருந்தா சித்திரை வைகாசியில ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க. உப்பும் கரியும் போட்டு மூடுன குழி காஞ்சு கெடந்தா எர்த் இருந்தும் இல்லாத கணக்கு. கடைசியா 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒண்ணு, கரண்டு கசிஞ்சா தானா அணைச்சிடுற சுவிட்ச். உங்க 1500 ரூபாய்ல பெரும்பகுதி அதுக்குப் போகட்டும். நீல பல்பு அடுத்த மாசம் வாங்கிக்கலாம்.

ஒயரு சுவிட்ச் போர்டுக்கு நேரா வரக் கூடாது. போர்டை விடக் கீழ ஒரு தொங்கல் விட்டு அப்புறம் மேல ஏறட்டும். ஒயர் வழியா வடியிற தண்ணி அந்தத் தொங்கல்லயே சொட்டிரும்.

வைகைக்கரை | ஏப்ரல் 8, காலை 7:10

அந்த இரும்புச் சங்கிலியைப் பத்தி யாரும் பேசல. முலாம் பூசுன சங்கிலிதானே? எனக்கு அது பதினோரு மாசம் தாங்குச்சு. வெளியில பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு, கொக்கி வளைவுல மட்டும் உள்ளுக்குள்ள உளுத்துப் போயிருந்துச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பக்கம் அறுந்து பெட்டி தண்ணிக்குள்ள முக்கால்வாசி. ஆர்.சி.சி.பி. இருந்ததால கரண்டு போச்சு, நான் இருக்கேன், மீனும் இருக்கு. மேல் கண்ணாடிப் பட்டி மட்டும் ஒடஞ்சிருச்சு. அதுக்கு முந்தியே துருப்பொடி தண்ணியில விழுந்து பாசியா வளத்துக்கிட்டு இருந்திருக்கு, நான் சாப்பாடு அதிகமாப் போடுறோம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

கயிறு கட்டி ஜன்னலுக்கு இழுத்திருக்கீங்கல்ல, அது ரொம்ப மோசம். சாய்வா இழுக்கிற பாரம் கொக்கியையும் இழுக்கும், பெட்டியும் நேரா நிக்காது. ஒரு பக்கப் பவளம் கூட வாங்கும், மறுபக்கம் பட்டினி.

நான் இருக்கிறது வாடகை வீடு. சீலிங்ல ஓட்டை போட்டா வீட்டுக்காரம்மா அட்வான்ஸ்ல பிடிச்சுக்குவாங்க. அதனால மாடிப்படிக்குத் துருப்பிடிக்காத எஸ்.எஸ். கைப்பிடி செய்யிற பட்டறையில போய் வெட்டுன துண்டுகளைக் கிலோ கணக்குல வாங்குனேன். ஒரு இஞ்ச் சதுரக் குழாய், 304 ரக எஸ்.எஸ். ஸ்டாண்டோட பின்கால் ரெண்டுலயும் போல்ட் போட்டு நிமித்தி, மேல தொட்டிப் பக்கம் மடிச்சு பத்த வச்சுக் குடுத்துட்டாங்க. தலைகீழா ஒரு 'ட' மாதிரி. குறுக்குக் குழாய்ல நாலு ஓட்டை, நாலு எஸ்.எஸ். கம்பிக்கயிறு. உயரம் மாத்த அலமாரிக்குப் போடுற மாதிரி ஓட்டை வரிசை. பெட்டி எடை நாலு கிலோதான், ஆனா முன்னாடி நீட்டிக்கிட்டு நிக்கிறதால பின்காலை மேலயும் கீழயும் ரெண்டு எடத்துல பிடிக்கணும். ஒரு போல்ட்ல விட்டா நாளாக நாளாகத் தலை கவுந்துரும்.

அலுமினியம் செக்ஷனும் நல்லதுதான். ஜன்னல் போடுறவங்ககிட்ட கிடைக்கும். எஸ்.எஸ்.ஸும் அலுமினியமும் தொடுற எடத்துல ரப்பர் வச்சுருங்க, இல்லேன்னா உப்புக்காத்துல அலுமினியத்தை அரிச்சுரும்.

புதூர்_பாண்டி | ஏப்ரல் 8, காலை 10:33

போன்ல லக்ஸ் ஆப் போட்டு அளந்து பார்க்கலாம்ல? எனக்கு வெள்ளை ட்யூப்ல 6000 காட்டுச்சு, நீல லைட்டுல 2500 தான் காட்டுது. அதனால நீலத்தை முழுசா ஏத்தி வச்சிருக்கேன்.

கடல்கிறுக்கன் | ஏப்ரல் 8, காலை 10:50

பாண்டி, இறக்குங்க.

லக்ஸ்ங்கிறது மனுசக் கண்ணுக்கு எவ்வளவு தெரியுதுங்கிற கணக்கு. 555 நானோமீட்டர் பச்சைக்கு நூறு மார்க்குனா 450 நீலத்துக்கு நம்ம கண்ணு குடுக்கிறது நாலு மார்க்குதான். பவளத்துக்கு நேர்மாறு. அதனால நீலத்துல லக்ஸ் கம்மியாக் காட்டும், உள்ள இருக்கிறது வெந்துக்கிட்டு இருக்கும். நல்ல வெயில்னா லக்ஸை 54ஆல வகுத்தா பார் வந்துரும், மொட்டை மாடியில மத்தியானம் ஒரு லட்சம் லக்ஸ்னா 1850 பக்கம். அதே 54ஐ நீல லைட்டுக்குப் போட்டா கணக்கு எங்கயோ போயிரும்.

ஆப் ஒண்ணுக்கு மட்டும் உதவும். அதே லைட்டு, அதே திருகு, உயரம் மட்டும் மாத்தி நடுவுக்கும் ஓரத்துக்கும் வித்தியாசம் பார்க்க. எனக்கு 7 இஞ்ச்ல ஓரம் நடுவுல கால்வாசி கூட இல்ல. 12 இஞ்ச்ல பாதிக்கு மேல வந்துருச்சு. நடுவும் ஓரமும் கிட்டத்தட்ட ஒண்ணா வர்ற உயரம்தான் உங்க உயரம்.

குட்டிச்சுறா | ஏப்ரல் 8, மாலை 5:12

அண்ணே நான் புதுசு. 165 வாட்டை முழுசா வச்சா கல் பவளம் வளக்கலாமா? ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊர்ல தெரிஞ்ச ஆள் இருக்காப்ல, உசிரோட கல்லு எடுத்துத் தர்றேங்கிறாப்ல.

கடல்கிறுக்கன் | ஏப்ரல் 8, மாலை 5:30

வேணாம். கல் பவளம் எல்லாம் 2001லேர்ந்து வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை, புலிக்கு என்ன சட்டமோ அதே. செத்த பவளக் கல்லை வச்சிருந்தாலும் கேஸுதான். அந்தப் பக்கம் மன்னார் வளைகுடாவுல 21 தீவையும் சுத்தி 1986லேர்ந்து கடல் தேசியப் பூங்கா. சட்டத்தை விடுங்க, 2010லயும் 2016லயும் கடல் சூடேறி அங்க பவளம் வெளுத்துச்சு. மிச்சம் இருக்கிறதை நம்ம ஹாலுக்குக் கொண்டாந்து கொல்லணுமா? ஜோவாவும் மஷ்ரூமும் இன்னொரு வளர்ப்பாளர்கிட்ட வெட்டுன துண்டா வாங்குங்க. எனக்கு ஜோவா நிறைஞ்சு கெடக்கு, ரெண்டு கொத்து தர்றேன். கல்லுக்கு சுட்ட மண் துண்டு போதும்.

குட்டிச்சுறா | ஏப்ரல் 8, மாலை 5:41

சரிண்ணே. தெரியாமக் கேட்டுட்டேன். ஜோவா எப்ப வந்து வாங்கிக்கட்டும்?

திருநகர்க்காரன் | மே 11, இரவு 10:05

ஒரு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

எலக்ட்ரீசியன் வந்து பார்த்தார். சித்தப்பு சொன்னது அச்சு அசல். மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி சுவரு. கொல்லையில எர்த் குழி இருக்கு, ஆனா ஒயர் மோட்டாரோட நின்னுருச்சு. அங்கேர்ந்து இழுத்து, ஆர்.சி.சி.பி.யும் மாட்டியாச்சு. மாட்டுன அன்னிக்கே நாலு தடவை விழுந்துச்சு. பார்த்தா லைட்டு இல்ல, அம்மாவோட பழைய கிரைண்டர்! இத்தனை வருசமா அம்மா கால்ல பலகை போட்டு நின்னு மாவாட்டுனது இதுக்குத்தான்னு இப்பத்தான் தெரிஞ்சது.

பல்பு மாத்துனதைச் சொல்லணும். ஒத்த பெரிய அலுமினியத் தகட்டுல எல்லா பல்பும் பத்த வச்சிருந்துச்சு. 25 வாட் சோல்டரிங் அயனை வச்சேன், ஈயம் உருகவே மாட்டேங்குது, சூடு முழுக்க தகடு குடிச்சிருது. 60 வாட்டு வாங்கியும் சண்டித்தனம். கடைசியில டிரைவரையெல்லாம் கழட்டிட்டு, லென்ஸையும் எடுத்துட்டு, வெறும் தகட்டைத் தோசைக்கல் மேல வச்சு அடுப்பை சிம்ல எரியவிட்டேன். தண்ணி தெளிச்சா மெதுவா ஆவியாகிற சூடு, அதுக்கு மேல போகல. அப்புறம் அயனை வச்சதும் ஈயம் நெய்யா ஓடிருச்சு. ஒரு காலை நிமித்தி, அடுத்த காலை நிமித்தி, பிளேடால நெம்புனா பல்பு கையில. அடியில சூடு கடத்துற பழைய பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி காஞ்சு கெடந்துச்சு. துடைச்சுட்டு அரிசி அளவு புது பேஸ்ட், மேல நீல பல்பு. வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் பட்டன் பேட்டரியில மினுக்கிப் பார்த்துட்டேன். இருந்தும் ஒண்ணை பிளஸ் மைனஸ் மாத்தி வச்சுட்டேன், மொத்த வரிசையும் எரியல. அதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம். தோசைக்கல்லை அம்மா திரும்பி வாங்கிக்க மாட்டேன்னுட்டாங்க, புதுசு வாங்கிக் குடுத்தேன். அது பட்ஜெட்ல சேராது.

ஃபேன் புதுசு போட்டேன், சத்தமே இல்ல. பழசுல பஞ்சு மாதிரி தூசி.

இப்ப நீலம் 40, வெள்ளை 8, உயரம் 12 இஞ்ச். மூணாவது வாரம் ஜோவா விரிய ஆரம்பிச்சுச்சு. முந்தி பழுப்பா இருந்த கொத்துல நடுவுல ஆரஞ்சு, சுத்தி பச்சை ஓரம். இந்தக் கலர் இருந்ததே எனக்குத் தெரியாது. மஷ்ரூமை மட்டும் கல்லுக்குப் பின்னாடி நிழலுக்கு நகத்திட்டேன்.

மீட்டர் வச்சுப் பார்த்தேன், முழுசா வச்சா 112 வாட்டு, 165 இல்ல. இப்ப இருக்கிற அளவுக்கு 36 வாட்டு. தினம் ஒம்பது மணி நேரம், ரெண்டு மாசக் கணக்குக்கு 20 யூனிட்டுக்குள்ள.

சூடுதான் பயமா இருக்கு. நேத்து மத்தியானம் தண்ணி 30.4.

கடல்கிறுக்கன் | மே 12, காலை 6:35

தண்ணி மேல ஒரு சின்ன ஃபேனைச் சாய்வா அடிக்க விடுங்க. நம்ம ஊரு வறண்ட காத்துக்கு ரெண்டு டிகிரி இறங்கிரும். தூத்துக்குடிக்காரங்களுக்கு இந்த வசதி இல்ல பாருங்க, அங்க காத்துலயே ஈரம். ஆவியாகிற தண்ணிக்கு தினமும் ஆர்.ஓ. தண்ணி ஊத்தணும், உப்புத்தண்ணி ஊத்திராதீங்க. லைட்டை மத்தியானம் எரிய விடாம சாயங்காலம் மூணுலேர்ந்து ராத்திரி பன்னெண்டு வரைக்கும் வைங்க. மின்தடை அன்னிக்கும் தப்பிச்சுக்கலாம், பராமரிப்புன்னு பகல்லதானே நிறுத்துவாங்க.

வைகைக்கரை | மே 12, காலை 8:00

எல்லாம் சரி, இன்னும் அந்தச் சங்கிலியிலதான் தொங்குதா?

திருநகர்க்காரன் | மே 12, காலை 8:20

எஸ்.எஸ். கம்பிக்கயிறு மாத்திட்டேண்ணே. ஜன்னல் கயிறையும் அவுத்தாச்சு, தொட்டியையே கொக்கிக்கு நேரா நகத்திட்டேன். தண்ணி எடுத்து, கல்லெடுத்து, நாலு பேர் சேந்து ஒரு முழம். ஆனா இப்ப வேற பிரச்சினை. அக்காவுக்கு ஆவணியில பிரசவம், இங்கதான் வர்றா. 'நீயும் உங்கக்காவும் தூங்குன கொக்கிடா அது, பேரப்புள்ள வர்றதுக்குள்ள உன் மீனு லைட்டை எறக்கு'ன்னு அம்மா தேதி குறிச்சுட்டாங்க. அந்தக் கைப்பிடிப் பட்டறை எங்கண்ணே இருக்கு? ஒரு இஞ்ச் குழாய் எத்தனை அடி தேவைப்படும்?

வைகைக்கரை | மே 12, காலை 8:31

பதினாலு அடி இருந்தா தாராளம். பட்டறைக்கெல்லாம் போக வேணாம், எங்கிட்டயே ஏழடித் துண்டு ரெண்டு மிச்சம் கெடக்கு. ஞாயித்துக்கெழம வாங்க. வரும்போது ஸ்டாண்டு பின்காலோட அகலத்தை அளந்துட்டு வாங்க, போன தடவை மாதிரி முழக்கணக்கு வேணாம்.